வெள்ளிக் காசில் இரண்டு பையன்கள்

ரோமானியக் காசு என்றாலே தங்கம்தான் நினைவுக்கு வரும். அகநானூறு கூட யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு போனதைத்தான் சொல்கிறது. ஆனால் கொங்கு மண்ணில் குவியல் குவியலாகக் கிடைத்தது வெள்ளி! பெயர் தெனாரியஸ், எடை ஏறக்குறைய 4 கிராம். கோவை அருகே வெள்ளலூரில் 1842-ல் 500-க்கும் மேல், உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் 1946-ல் சுமார் 1400. (எங்கள் மதுரை வைகை மணலில் கிடைத்தவை பெரும்பாலும் சில நூற்றாண்டுகள் பிந்திய சின்னச் செப்புக் காசுகள்.)

ரோமில் எத்தனையோ படங்களோடு காசு அடித்தார்கள். இங்கே வந்த வெள்ளியில் பெரும்பகுதி இரண்டே வகை, அதுதான் வேடிக்கை.

முதல் வகை அகஸ்டஸ் காசு. பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள், நடுவில் கேடயமும் ஈட்டியும். கயஸ், லூசியஸ் என்ற மகள் வயிற்றுப் பேரன்கள். அகஸ்டஸ் இவர்களைத் தத்தெடுத்திருந்தார். அடுத்த வாரிசு இவர்கள்தான் என்று ஊருக்குச் சொல்லும் போஸ்டர் மாதிரி இந்தக் காசு! லூசியஸ் கி.பி. 2-ல் இறந்தான், கயஸ் கி.பி. 4-ல். ஆனால் காசு மட்டும் கப்பலேறி வந்துகொண்டே இருந்தது...

இரண்டாவது, அடுத்து வந்த டைபீரியஸ் காசு. பின்பக்கம் கையில் கிளையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். வரி கட்டலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு காட்டச் சொன்ன காசு இதுதான் என்பது பலர் கருத்து.

இந்தக் கதையெல்லாம் நம்மூர் வியாபாரிக்குத் தெரிந்திருக்குமா? தேவையே இல்லை என்பேன். தெரிந்த படம் என்றால் தெரிந்த வெள்ளி, அவ்வளவுதான். இன்றைய ஹால்மார்க் போல. கி.பி. 64-ல் நீரோ தெனாரியஸின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். அதற்குப் பின் அடித்த வெள்ளிக்காசு இங்கே மிக அபூர்வம். ஏமாறவில்லை பாருங்கள் நம் ஆட்கள் :-)

இலங்கை அரசரைப் பற்றி பிளினி எழுதியதும் இதே கதைதான். காசுகளில் தலைகள் வெவ்வேறு, எடை மட்டும் ஒன்று என்பதைப் பார்த்துத்தான் ரோமானியரின் நேர்மையை அவர் மெச்சினாராம்.

அதற்காகப் படத்தை யாருமே கவனிக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசு ஒன்றை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்டார். அதில் ரோமானியக் காசில் போலவே பக்கவாட்டில் ஒரு தலை. கூடவே தமிழ் பிராமியில் ஒரு பெயர்: மாக்கோதை.