ஆழ்கடற் பந்தயமும் புயற்பாயும்

புயலடிக்கும்போது பாய்களையெல்லாம் இறக்கிவிடுவதுதானே அறிவுடைமை என்று நேயர்கள் எண்ணலாம். கரையிலிருந்து பார்ப்போருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால், பாயே இல்லாத படகுக்கு ஓட்டமில்லை. ஓட்டமில்லையேல் சுக்கான் பயன்படாது. சுக்கானுக்கு அடங்காத படகு அலைக்குப் பக்கவாட்டில் கிடந்து புரளும். ஆதலின் புயலிலும் ஒரு சிறு பாய் வேண்டும். அப்பாயின் அளவையும் துணியையும்கூட விதி வகுத்துக் கூறும் நிலை எவ்வாறு வந்தது என்பது சுவையான வரலாறு, துயரமான வரலாறுங்கூட.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வைட் தீவிலிருந்து புறப்பட்டு, அயர்லாந்தின் தென்மேற்கே கடலில் தனித்து நிற்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்புவது ஃபாஸ்ட்நெட் பந்தயம். 1925-இல் நடந்த முதற் பந்தயத்தில் ஏழே படகுகள் கலந்துகொண்டன. வென்றது, 1913-இல் பிரான்சில் கட்டப்பெற்ற ‘ஜோலி பிரீஸ்’ என்னும் பழைய வழிகாட்டிப் படகு. பந்தயம் முடிந்த கையோடு, பிளிமத் நகரில் ஆழ்கடற் பந்தயச் சங்கமும் தோன்றிற்று. இப்பந்தயக்காரர்களிற் பெரும்பாலோர் கடலைத் தொழிலாகக் கொண்டவரல்லர், விருப்பத்தால் கடலேறியவர்கள்.

அரை நூற்றாண்டில் ஏழு முந்நூறாயிற்று. 1979 ஆகஸ்டு 11-ஆம் நாள் புறப்பட்ட படகுகள் 303. பதின்மூன்றாம் நாள் இரவு, வானிலை அறிவிப்பு எதிர்பார்த்ததைவிடக் கடும் புயல் அவற்றை வளைத்துக்கொண்டது. பந்தயத்தில் சென்றோருள் 15 பேர் மாண்டனர். படகோட்டிகள் கைவிட்டுச் சென்ற படகுகள் 24. அவற்றுள் மூழ்கியவை எத்தனை தெரியுமா? ஐந்துதான். எஞ்சிய பத்தொன்பதும் ஆளின்றியே மிதந்துகொண்டிருந்தன! உயிர்காக்கும் மிதவையை நம்பிப் படகைவிட்டு நீங்கியோரிற் சிலர் மிதவை கவிழ்ந்தும் கிழிந்தும் இறக்க, அவர்கள் விட்டுவந்த படகு மூழ்காது நின்ற கொடுமையை விசாரணை அறிக்கையிற் படிப்போர் நெஞ்சு கனக்காமலிராது.

அவ்விசாரணை படகுகளின் சாதனங்களையும் ஆராய்ந்தது. செய்தி அனுப்பும் வானொலிக் கருவி அன்று எல்லோருக்கும் கட்டாயமாக இருக்கவில்லை. வானிலை அறிவிப்பைக் கேட்கும் பெட்டி இருந்தாற் போதும். கீழறை வாயிலை அடைக்கும் பலகைகள், படகு புரண்டபோது கழன்று விழுந்தன. திறந்த வாயில் வழியே கடல் உள்ளே புகுந்தது. ஒரு முழக் கயிற்றால் கட்டியிருந்தால் அப்பலகை போயிராது.

இத்தகைய எளிய பொருளை ஏன் தாமாகவே எடுத்துச் செல்லவில்லை? பந்தயத்தில் கனம் பகை. நான் ஒருவன் மட்டும் சுமந்தால் நான்தான் பின்தங்குவேன். எல்லோரும் சுமக்கவேண்டுமென்று விதி கூறினால் எவருக்கும் நட்டமில்லை. சாதன விதிகளின் அடிப்படை நியாயம் இதுவே என்பது என் கருத்து.

பின்னர் விதிகள் இறுகின; இன்று உலகப் பாய்ப்படகுச் சம்மேளனம் அவற்றை வெளியிடுகிறது. முன்புறம் கட்டும் புயற்பாய்க்கு ஒரு கணக்கு உண்டு. முன்பாய் கட்டும் முக்கோண இடத்தின் உயரத்தை அதே எண்ணாற் பெருக்கி, அதில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேற்படலாகாது. உயரம் 12 மீட்டராயின், பாய் 7.2 சதுர மீட்டருக்குள் அடங்கவேண்டும். ஒரு சிறு அறையின் தரையளவுதான்! பெரும்பாய்க்கு மாற்றாகக் கட்டும் ‘டிரைசெயில்’ என்பதோ, அடிக்கட்டையின் துணையின்றியே நிற்க வல்லது. கட்டை ஒடிந்தாலும் அது பயன்படும். வேகப் பாய்களுக்கு உகந்த கரி இழை புயற்பாய்க்கு ஆகாது என்பது மற்றொரு விதி. மடிந்தும் படபடத்தும் அடிபடும்போது அவ்விழை முறியக்கூடும். புயற்பாயை மீட்பு விமானிகள் கடல் நுரைக்கிடையே கண்டுகொள்ள வேண்டுமே! அதனால், 2014 முதல் புதிதாகச் செய்யும் புயற்பாய்கள் பளிச்சென்ற நிறத்தில் அமையவேண்டும் என்றும் விதித்தனர்.

2023-இல் 430 படகுகள் புறப்பட்டன. முதலிரவே கடுங்காற்று, நூற்றுக்கு மேற்பட்டவை திரும்பின. ஒரு படகு மூழ்கியது. அதிலிருந்த இருவரும் உயிரோடு கரை சேர்ந்தனர்.