அண்ணாமலை நகரும் வானொலித் தமிழும்

ஒரு மொழியின் உயிர் ஏட்டில் மாத்திரம் இருப்பதன்று. அம்மொழி பேசுவோர் செவியிலும் அது வாழ்தல் வேண்டும். ஏட்டைக் காத்தற்குப் பாடுபட்ட பெரியோர் வரலாறு பலரும் அறிந்ததே. செவியைக் காத்தற்கு நிகழ்ந்த முயற்சிகளுள் தலையாயதொன்று நம் ஜில்லாவிலேயே, தில்லைக்குக் கீழ்பாலுள்ள அண்ணாமலை நகரில் தோன்றிற்று என்பதை நம் சங்கத்துப் பிள்ளைகளிற் பலர் அறியார். ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுந்தோம்.

சிதம்பரம் புகைவண்டி நிலையத்தைக் கடந்து கிழக்கே சென்றால் தோன்றும் கலாசாலைக் கட்டடங்களின் வரலாறு 1920-ஆம் ஆண்டிற் தொடங்குகின்றது. அவ்வாண்டிற் செட்டிநாட்டு வள்ளல் அண்ணாமலைச் செட்டியாரவர்கள் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியை நிறுவினார். பின்னர் அமைந்த மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1924 முதல் 1927 வரை தலைமை பூண்டிருந்தார். இக்கல்லூரிகள் யாவும் ஒன்றாகி, 1929-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் எனப் பெயர் பெற்றன. இசைக் கல்லூரியும் அங்கே அமைந்தது. சபேசையர், டைகர் வரதாசாரியார், தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை ஆகியோர் அதன் தலைமையாசிரியராய் விளங்கினர். 1935 முதல் 1940 வரை துணைவேந்தராயிருந்த சீனிவாச சாஸ்திரியார் பெயரால் வழங்கும் மண்டபமும் அவ்வளாகத்தில் உண்டு.

இனி வானொலியின் வரலாற்றைக் காண்போம். கண்ணுக்குப் புலனாகாத மின்னலைகள் சுவரையும் ஊடுருவிச் சென்று அப்பாலுள்ள மணியை ஒலிப்பிக்கும் என்பதை, கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர வசு சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் இறுதியிலேயே செய்து காட்டினார். ஆயினும் அவ்வலைகளின்மேற் பேச்சும் பாட்டும் ஏறி வரப் பின்னும் பல்லாண்டு சென்றது. நம் மாகாணத்தில் 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை நிறுவி, அவ்வாண்டு ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கினர். அவர்கள் கருவியின் வலிமை 40 வாட்டு; அஃது ஒரு சிறிய மின்விளக்கு எரிதற்கு வேண்டும் ஆற்றலே. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அம்முயற்சி நின்றது. கருவியைச் சென்னை நகரசபை ஏற்றுக்கொண்டு, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நிறுவப்பட்டன. மாலைதோறும் மக்கள் கூடிப் பாட்டுக் கேட்டனர். 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதி திருச்சி நிலையமும் தொடங்கின. திருச்சி நிலையத்தின் வலிமை 5,000 வாட்டு. அஃதாவது முதற் கருவியினும் 125 மடங்கு.

இவ்வளர்ச்சியால் விளைந்த மாறுதல் யாதெனின், கூறுதும். அதுகாறும் சங்கீதக் கச்சேரி என்பது சபையிற் சீட்டுப் பெற்றவர்க்கும், கல்யாண வீட்டிற் பந்தலுக்குள் அமர்ந்தவர்க்கும் உரியதாயிருந்தது. வானொலியோ வாயில் காப்போன் இல்லாத சபை. பூங்காவில் நின்ற கூலியாளும், அடுக்களையிலிருந்த பெண்மக்களும், பந்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரும் அதன்கண் ஒரே வரிசையில் அமர்ந்தனர். இங்ஙனம் புதிதாக வந்து சேர்ந்த பெருங்கூட்டத்திற்குப் பாட்டின் இனிமை எட்டிற்று, பொருள் எட்டவில்லை. ஏனெனில் அந்நாட் கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழிக் கிருதிகளே மிக்கிருந்தன. தமிழ்ப் பாட்டுக்கள் பெரும்பாலும் இறுதியிற் சில்லறை உருப்படிகளாகவே பாடப்பட்டன.

தமிழிற் பாட்டில்லையோ எனின், அற்றன்று. தில்லைக் கூத்தனைப் பாடிய முத்துத்தாண்டவரும், இராமநாடகக் கீர்த்தனை இயற்றிய அருணாசலக் கவிராயரும் (1711–1779), தில்லைக்கு அணித்தான தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் (1712–1787) நம் பக்கத்தவரே. தில்லை காண ஏங்கிய நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடினார் கோபாலகிருஷ்ண பாரதியார். இவர்கள் பாட்டு தில்லை வீதியிலிருந்தும் கச்சேரி மேடையில் அருகியே ஒலித்தது.

இக்குறையை நீக்கும் பொருட்டு 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அண்ணாமலை நகரிலே தமிழிசை மாநாடு கூடிற்று. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்களே மிகுதியும் பாடப்பெறல் வேண்டும், கல்லூரிகளில் அவற்றைக் கற்பித்தல் வேண்டும் என்பன தமிழிசை இயக்கத்தாரின் கோரிக்கைகள். வானொலி நிலையத்தாரிடமும் அவர்கள் இவ்வேண்டுகோளையே வைத்தனர். எதிர்ப்பும் எழுந்தது. மொழியைக் கருதுவதால் உயர்ந்த சங்கீதத்தின் தரம் தாழ்ந்துவிடலாகாது என்று சென்னை சங்கீத வித்வத் சபையார் அவ்வாண்டின் இறுதியில் தீர்மானித்தனர். அவர்கள் அச்சத்தையும் நாம் எள்ளுதல் தகாது. தியாகராசர் கிருதிகளின் பெருமையை மறுப்பார் யார்? ஆயினும் தரம் என்பது பாடுவோனிடம் மாத்திரம் உள்ளதன்று. கேட்போன் உள்ளம் பொருளோடு ஒன்றும்போதே பாட்டு நிறைவு பெறும். பிறமொழிப் பாட்டை விலக்குக என்பதன்று கோரிக்கை. தாய்மொழிப் பாட்டுக்கு அதன் வீட்டில் தலைவாயிலைத் திறக்க என்பதே.

அரசர் அண்ணாமலைச் செட்டியாரவர்கள் இவ்வியக்கத்திற்குத் தலைநின்று பொருளுதவினார். பல்கலைக் கழகம் தமிழ்ப் பாட்டுக்களைச் சுரதாளக் குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது. வித்துவான் பாடமின்றிப் பாட இயலாதாகலின், இத்தொண்டு தீர்மானங்களினும் பயனுடைத்து. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. வள்ளல் 1948-இல் மறைந்த பின், 1952-இல் அவர் பெயரால் அரசர் அண்ணாமலை மன்றம் சென்னையில் எழுந்தது. அண்ணாமலை நகரில் எம். எம். தண்டபாணி தேசிகர் இசைத்துறைத் தலைமை ஏற்றுப் பண்ணிசையை வளர்த்தார். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல்கலைக் கழகம் அரசின் நிர்வாகத்தில் வந்தது.

அன்பர்களே! கல்கத்தாவில் ஒரு கலாசாலை மின்னலையின் இயல்பைக் காட்டிற்று. நம் ஜில்லாவில் ஒரு கலாசாலை, அவ்வலை எம்மொழியைச் சுமந்து வருதல் வேண்டும் என்று கேட்டது. முன்னையதினும் பின்னைய வினா சிறியதன்று. அவ்வினா இன்றும் நம்முன் நிற்கின்றது. தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் வலை இழுப்போர் பாடும் பாட்டையும், நம் இல்லங்களில் மூதாட்டியர் பாடும் தாலாட்டையும் எந்த நிலையத்தார் வந்து தேடுவர்? ஒலியைப் பதியும் கருவி இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. நம் சங்கத்துக் குடும்பத்தார் இவ்வாண்டு பாட்டிமார் பாட்டில் ஒன்றையேனும், பாடியவர் பெயரும் ஊரும் குறித்துப் பதிந்து வைப்பாராக. தில்லை வழிபாட்டிற்குச் செல்வோர் பிள்ளைகளை அண்ணாமலை நகருக்கும் அழைத்துச் சென்று, அக்கட்டடங்களைக் காட்டி இவ்வரலாற்றைக் கூறுவாராக. செவியில் நிலைத்த தமிழே சந்ததியில் நிலைக்கும்.