தாய்ப்பார் என்ற பெயர்: முத்துச்சிப்பிக் குஞ்சு சேகரிப்பின் நியாயமும் எல்லையும்

கடலில் இயல்பாகப் பிறக்கும் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பண்ணைக்கு எடுப்போர் பெரும்பாலும் ஒரே நியாயத்தைத்தான் சொல்கிறார்கள். ஒரு சிப்பி லட்சக்கணக்கில் முட்டை சொரிகிறது, பிழைப்பதோ சொற்பம். எப்படியும் சாகப்போவதை எடுத்தால் கடலுக்கு என்ன நட்டம்? இந்த நியாயம் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்று பார்ப்பதற்கு மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் நல்ல சான்று ஒன்று கிடக்கிறது.

முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டுகளை முத்துப்பார் என்பார்கள். பெரிய பார் அங்குள்ள முத்துப்பார்களில் வெளிக்கடலை ஒட்டியது. முத்துக்குளிப்போர் அதைத் தாய்ப்பார் என்றார்கள். அங்கே திரளும் குஞ்சுகள் கரைப்பக்கப் பார்களுக்குப் போய்க் குடியேறுகின்றன என்பது அவர்கள் எண்ணம். 1902-இல் இலங்கை அரசுக்காக முத்துப்பார்களை ஆராய வந்த வில்லியம் ஹெர்ட்மன், மார்ச் மாதத்தில் அந்தப் பார் முழுவதும் குஞ்சு மண்டிக்கிடந்ததைக் கண்டார். அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெல் நவம்பரில் மறுபடி பார்த்தபோது அவை இல்லை. கரைப்பக்கம் குடிபோகவுமில்லை. ஆழ்கடல் விளிம்பில் கிடக்கும் அந்தத் தரையைத் தென்மேற்குப் பருவக்காற்றின் அலை புரட்டிப்போட்டிருந்தது. 1880-க்குப் பிறகு 11 முறையேனும் அங்கே குஞ்சு விழுந்தும் ஒருமுறைகூடச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடக்கவில்லை என்று ஹெர்ட்மன் பதிவு செய்தார். முத்துக்குளிப்போர் கண்டது பொய்யல்ல: குஞ்சு வந்ததும் உண்மை, மறைந்ததும் உண்மை. ஆனால் முதிரும் முன்பே மடிகிற கூட்டம் தாயாக முடியாது.

ஹெர்ட்மன் சொன்ன பரிகாரம் எளியது: காற்று எழும் முன் குஞ்சுகளை வாரி, பாதுகாப்பான உட்புறப் பார்களில் கொண்டு விதைப்பது. ‘சாகப்போவதை எடுக்கிறோம்’ என்ற வாதம் முழுமையாகப் பொருந்துகிற இடம் இது. ஆனாலும் அப்படிச் செய்த வேலை சலாபத்தைக் காப்பாற்றவில்லை. 1906-இல் இந்தப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம், சில ஆண்டுகளிலேயே பார்கள் வெறுமையானதால் கலைந்துபோனது. இடம் மாற்றிய குஞ்சுக்குப் புதிய இடத்தில் அதைத் தின்னும் கிளாத்தி மீனும் திருக்கையும் காத்திருக்கும். கூடை, வேலி எதுவுமில்லாத திறந்த தரையில் விதைத்ததை வளர்ப்பு என்று சொல்வதே எனக்குச் சற்று மிகையாகப் படுகிறது.

குஞ்சு சேகரிப்பு என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. முட்டையிலிருந்து வெளிவந்த இளவுயிரி சில வாரங்கள் நீரோட்டத்தோடு மிதந்து, பின் பற்றிழை விட்டு ஏதேனும் ஒன்றில் ஒட்டுகிறது. ஒட்ட இடம் கிடைக்காதவை அழிகின்றன. ஒட்டியவற்றுள்ளும் பெரும்பகுதி முதல் மாதங்களில் இரையாகிறது. ஜப்பானில் தேவதாருவை ஒத்த சுகி மரத்தின் இலைக்கொத்துகளை மிதவைகளிலிருந்து தொங்கவிட்டதும், பிரெஞ்சுப் பாலினீசியாவின் துவாமோத்துப் பவளத்தீவுகளில் நிழல்வலைத் துண்டுகளைக் கயிற்றில் கோத்து நீருக்குள் கட்டுவதும் இந்தக் கட்டத்தைக் குறிவைத்தே. முன்பு இல்லாத ஒட்டுமிடம் ஒன்று அங்கே உண்டாகிறது. பாறையில் ஏற்கெனவே ஒட்டி வளர்ந்த சிப்பியைப் பெயர்த்தெடுப்பது இதற்கு நேர்மாறு. சாவின் வாயைக் கடந்து வந்த, நாளை முட்டையிடப்போகிற சிப்பி அது. மேற்கு ஆஸ்திரேலியாவில் எண்பது மைல் கடற்கரையை ஒட்டிய நீரில் முத்துப் பண்ணைகளுக்காகப் பெரிய சிப்பிகளை முக்குளிப்போர் கையால் எடுக்கிறார்கள். அதற்கு ஆண்டு ஒதுக்கீடும் அளவு வரம்பும் உண்டு. அதை வளர்ப்பின் ஒரு படியாகக் கருதி விட்டுவிடாமல் மீன்பிடிப்பாக நடத்துவது நேர்மையான அணுகுமுறை.

துவாமோத்து அனுபவத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அங்கே கருஞ்சிப்பிக் குஞ்சு நன்றாக விழும் காயல் சில, விழாத காயல் பல. ஆகவே குஞ்சு தீவிலிருந்து தீவுக்குப் படகேறியது. 1985-இல் தாகபோத்தோ காயலில் சிப்பிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதன் பின்னரே இடமாற்றத்தைப் பற்றிய அச்சம் வலுத்தது. தனித்தனியாக இருந்த தீவுச் சிப்பிகளின் மரபு வேறுபாடு மங்கியதையும் பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் காட்டின. ஆக, எத்தனை குஞ்சு எடுத்தோம் என்ற கேள்வியைவிட எடுத்த குஞ்சு எந்த நீரில் இறக்கப்பட்டது என்ற கேள்விதான் கனமானது. எடுத்த காயலிலேயே வளர்த்தால், பண்ணைச் சிப்பியும் அங்கேயே முட்டை சொரிந்து ஓரளவு ஈடுகட்டும்.

கடலிலிருந்து எடுப்பதற்குக் குஞ்சு பொரிப்பகமே தூய மாற்று என்பார்கள். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் 1973-இல் வளர்ப்பு முத்தும், 1981-இல் பொரிப்பகக் குஞ்சும் கண்டது பெரிய சாதனை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே பொரிப்பகத்தை நாடியதற்குக் கடல் மீதுள்ள கருணையைவிடப் பார்களின் நிலையாமையே வலுவான காரணம். 1961-க்குப் பின் அந்தக் கரையில் சலாபமே இல்லை. பொரிப்பகக் குஞ்சுக்குச் சில பெற்றோரே உண்டு; அந்தக் குறுகிய மரபு பண்ணையிலிருந்து கடலுக்குள் கசிந்தால் வரும் கேடு, நிழல்வலையில் ஒட்டிய குஞ்சால் வரும் கேட்டைவிடச் சிறிதென்று எண்ண முடியவில்லை.

எனவே பெரிய பாரைப் போன்ற, குஞ்சு விழுந்தும் நிலைக்காத இடங்களில் நிழல்வலை கட்டி, அருகிலுள்ள அதே நீரின் காப்பான பகுதியில் கூடையிட்டு வளர்ப்பதை முதலில் சோதிக்கலாம். சிக்கல் காலத்தில் இருக்கிறது. மார்ச்சில் கண்ட குஞ்சைத் தென்மேற்குக் காற்று எழும் முன் அகற்ற வேண்டுமானால் கையில் இருப்பது மூன்று மாதத்துக்கும் குறைவு. நகக்கண் அளவுகூட இல்லாத அந்தப் பருவத்தில், முத்துச்சிப்பியோடு கலந்து ஒட்டும் அதன் உறவினச் சிப்பிகளைப் பிரித்தறிவதும் பழகிய கண்ணுக்கே கடினம்.