இழுத்துக் கட்டிய முகம்

வாய் ஒரு பக்கம் கோணி, கண் மூட மறுத்தால் நம்ம ஊரில் "காத்து அடிச்சிருச்சு" என்பார்கள். பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் சரியாகிவிடும். ஆனால் தொழுநோய் முகநரம்பைக் கொன்றுவிட்டால், கிருமி ஒழிந்த பிறகும் கண் திறந்தபடியே கிடக்கும். பல சமயம் கருவிழிக்கு உணர்ச்சியும் இருக்காது. தூசி விழுந்தாலும் உறுத்தாது. புண்ணாகிப் பார்வையே போகும். பட்டிழையைக் கண்ணால் எண்ணிப் பிழைக்கிற ஆரணி போன்ற ஊரில் கண் போனால் தறியும் போச்சு.

தொங்கிய முகத்தை எதையாவது வைத்துத் தூக்கிக் கட்டலாம் என்ற யோசனை பழையது. உலோகக் கம்பி வைத்துப் பார்த்தார்கள். தொடையிலிருக்கும் உறுதியான சவ்வைப் பட்டையாக வெட்டி எடுத்து, வாயோரத்தைக் கன்ன எலும்போடு கட்டினார்கள். பின்னாளில் செயற்கை நாடாக்களும் வந்தன. அந்நியப் பொருளில் சீழ் பிடிக்கலாம், சதையை அறுக்கலாம். சொந்தச் சவ்வில் அந்தத் தொல்லை குறைவு. எதை வைத்தாலும் ஒரு குறை நிற்கும்: முகம் நேராகும், அசையாது.

தறிக்காரருக்கு இது புரியும். பாவை எவ்வளவு விறைப்பாக இழுத்துக் கட்டினாலும் அது தானாக நெய்யாது. கீழே ஒரு கால் மிதிக்கணும்.

அந்த 'மிதி'யை லண்டனில் ஹரால்டு கில்லீஸ் பொட்டுத் தசையில் கண்டார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களைச் சீரமைத்த மருத்துவர் அவர். பல்லைக் கடிக்கும்போது நெற்றியோரம் புடைக்கிறதே, அதுதான் பொட்டுத் தசை. அதற்கு நரம்பு வேறு. முகநரம்பு செத்தாலும் இது உயிரோடு இருக்கும். அந்தத் தசையோடு சவ்வுப் பட்டையை இணைத்த அனுபவங்களை 1934இல் எழுதினார். தொழுநோயாளிகளின் கண்ணுக்காக ஜான்சன் அதை மாற்றியமைத்த முறை 1962இல் வெளியானது. பட்டை இரண்டு இமைகளுக்குள்ளும் ஓடி மூக்கோரம் முடியும். பல்லைக் கடித்தால் கண் மூடும்.

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போனால் சுமார் 40 கிலோமீட்டரில் வேலூர். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946இல் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை, வேறு தசைநாண்களை மாற்றிக் கட்டி இயங்க வைத்தார். அவர் மனைவி மார்கரெட் கண்ணைக் கவனித்தார். 1955இல் பக்கத்திலேயே கரிகிரி மருத்துவமனை தொடங்கியது. பொட்டுத் தசை அறுவையும் இந்த வட்டாரத்தில் நடந்தது.

அறுவையோடு வேலை முடியாது. நாமெல்லாம் நினைக்காமலே நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை இமைக்கிறோம். இவர்கள் ஒவ்வொரு முறையும் ஞாபகம் வைத்துப் பல்லைக் கடிக்கப் பழக வேண்டும். சோறு மெல்லும்போதும் கண் மூடித் திறக்கும். பக்கத்து இலைக்காரர் உற்றுப் பார்க்கலாம்.

பார்த்துட்டுப் போகட்டும். அதைத் திரும்பிப் பார்க்க இவருக்கும் கண் இருக்கிறதே.