அரசுப் பணியும் நம் பங்கும்: வகுப்புரிமை ஆணை முதல் 3.5 விழுக்காடு வரை

2007ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசுப் பணியிலும் 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு வழங்கப்பட்டபோது, அது புதிதாகக் கிடைத்த சலுகை என்று மகிழ்ந்தோரும் உண்டு. புதிய சலுகை எதற்கு என்று முகம் சுளித்தோரும் உண்டு. இரு சாராரும் பழைய வரலாற்றை மறந்தே பேசினர். இம்மாநிலத்தில் அரசு வேலைகளில் முஸ்லிம்களுக்கென்று பெயர் குறித்த பங்கு 1927லேயே இருந்தது. அது வந்த வழியையும், 1951இல் பறிபோன விதத்தையும், வேறு வடிவில் திரும்பிய கதையையும் நம் ஜமாஅத்தின் இளைஞர்கள் அறிந்திருப்பது அவசியம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

அரசுப் பணிகள் ஒரு சிலரின் கையில் குவிந்துவிடக் கூடாது என்னும் எண்ணம் கட்சி அரசியலுக்கும் முந்தியது. மாவட்டத்தின் கீழ்நிலைப் பதவிகள் செல்வாக்குள்ள சில குடும்பங்களின் ஏகபோகமாகிவிடாமல் பல சாதியாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும் என்று சென்னை வருவாய் வாரியம் 1854ஆம் ஆண்டிலேயே ஆட்சியர்களுக்கு நிலையாணை இட்டிருந்தது. ஆணை ஏட்டில் இருந்தது; பதவிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை இந்நிலையைத்தான் எடுத்துக் காட்டிற்று. 1920இன் இறுதியில் நீதிக்கட்சி ஆட்சிப் பொறுப்பேற்றது. மறு ஆண்டு, 16.9.1921 அன்று, முதல் வகுப்புவாரி ஆணை பிறந்தது.

அந்த முதல் ஆணையை இன்று படிப்போருக்கு ஏமாற்றமே மிஞ்சும். பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், இந்தியக் கிறிஸ்தவர், முஸ்லிம்கள், ஐரோப்பியர் மற்றும் ஆங்கிலோ இந்தியர், ஏனையோர் எனப் பிரித்து, எந்த வகுப்பாருக்கு எத்தனை வேலை கொடுக்கப்பட்டது என்னும் கணக்கை அலுவலகத் தலைவர்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்பதே அதன் சாரம். இத்தனை பேருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. 1922இல் மற்றோர் ஆணை வந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கணக்குக் கேட்பது வேறு, முறை வகுப்பது வேறு என்பது ஆறு ஆண்டுகளில் விளங்கிற்று.

முறையை வகுத்தவர் டாக்டர் சுப்பராயன் அமைச்சரவையில் இருந்த எஸ். முத்தையா முதலியார். 1927 நவம்பரில் வந்த ஆணையின்படி, நிரப்பப்படும் ஒவ்வொரு 12 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று சுழல்முறை நிலைபெற்றது. யாருக்கு அடுத்த முறை என்பது அதிகாரியின் விருப்பத்தில் இல்லை; வரிசையில் இருந்தது. இந்த ஆணையின் வலிமை அதுவே. திறமை கெட்டுவிடும் என்னும் கூக்குரல் அன்றே எழுந்தது. பதவிக்குரிய கல்வித் தகுதியை ஆணை நீக்கவில்லை; தகுதி பெற்றோருள் எவரும் விடுபட்டுப் போகாதபடி வரிசை அமைத்தது. இவ்வேறுபாட்டைச் சொல்லாமலே வாதிடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர். 12க்கு 2 என்பது நூற்றுக்கு 16க்கும் மேல். மக்கள்தொகையைவிட இரு மடங்குக்கு மிகுதியான பங்கு நமக்கு இருந்தது. 21.11.1947 அன்று ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அரசு முறையைத் திருத்தியபோது, 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று ஆயிற்று. நம் பங்கு ஒரேயடியாக நூற்றுக்கு 7 அளவுக்கு இறங்கிற்று. நாடு பிரிந்த மூன்றாம் மாதத்தில் அது நடந்தது என்பதை நினைவில் கொள்க. ஆயினும் மக்கள்தொகைக்கு ஒத்த பங்கு அது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அந்த ஆணையில் "பிற்படுத்தப்பட்ட" என்னும் சொல் "இந்துக்கள்" என்பதோடு ஒட்டி நின்றதைக் கவனிக்க வேண்டும். மறு ஆண்டு அரசியல் நிர்ணய சபையில் அச்சொல்லே பெரும் விவாதமாயிற்று. அரசுப் பணியில் ஒதுக்கீட்டுக்கு இடமளிக்கும் விதி, இன்றைய 16ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, "பிற்படுத்தப்பட்ட எந்த வகுப்பாருக்கும்" என்று எழுதப்பட்டிருந்தது. 30.11.1948 அன்று காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் எழுந்து, சென்னை மாகாணத்தில் இச்சொல்லுக்குக் குறிப்பிட்ட வரையறுத்த பொருள் உண்டு, சிறுபான்மையினர் அதில் அடங்கமாட்டார்கள் என்னும் ஐயத்தை எழுப்பினார். அந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்னும் திருத்தமும் முன்வைக்கப்பட்டது. டாக்டர் அம்பேத்கர் இசையவில்லை. அனைவருக்கும் சம வாய்ப்பு என்னும் பொது விதியை விதிவிலக்கு விழுங்கிவிடாதிருக்க அச்சொல் தேவை என்றும், எவர் பிற்படுத்தப்பட்டோர் என்பதை அந்தந்த அரசுகள் முடிவு செய்யும் என்றும் விடையளித்தார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. காயிதே மில்லத்தின் அச்சத்திலும் இருந்தது. எவர் கண்டது நடக்கும் என்பதற்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

1949 டிசம்பரில் மாவட்ட முன்சீப்பு பதவிகளுக்குச் சென்னைப் பணியாளர் தேர்வாணையம் விண்ணப்பம் கோரிற்று. 83 இடங்கள். அரிசனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறிஸ்தவருக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணருக்கு 11. வேங்கடரமணா என்னும் விண்ணப்பதாரர் உச்சநீதிமன்றம் சென்றார். 9.4.1951 அன்று தீர்ப்பு வந்தது. கல்லூரிச் சேர்க்கை குறித்த செண்பகம் துரைராஜன் வழக்கிலும் அதே நாளில் தீர்ப்பாயிற்று. மக்கள் நினைவில் நின்றது அதுதான். வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை நம்மைத் தாக்கியது மற்றைய தீர்ப்பே. அரிசனங்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குமான இடங்கள் 16(4)க்குள் அடங்கலாம். பிற வகுப்பாருக்கெனச் சாதி, மத அடிப்படையில் பகிர்ந்தவை செல்லா என்றது நீதிமன்றம். முஸ்லிம்களுக்கான அந்த 5 இடங்களும், அவற்றோடு 1927 முதல் இருந்து வந்த உரிமையும் போயின.

பெரியார் தலைமையில் தமிழகம் கொந்தளித்ததும், அதன் பயனாய் 1951 ஜூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டதும் பலரும் அறிந்ததே. ஆனால் அத்திருத்தம் சேர்த்த 15(4) கல்விக்குத் துணை நின்றது. பணிக்குரிய 16(4) மாறவில்லை. பிற்படுத்தப்பட்டோருக்கு 25, தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினருக்கு 15 என்று 1951 செப்டம்பரில் அமைந்த புதிய முறையில் முஸ்லிம்கள் என்ற தலைப்பே இல்லை.

அதன்பின் திறந்த வழி ஒன்றே: பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். அம்பேத்கர் அரசுகளிடம் விட்ட அதிகாரத்தின் கீழ், மதத்தின் பெயரால் அன்றிப் பிரிவுகளின் பெயரால் நம்மவர் காலப்போக்கில் அப்பட்டியலில் இடம்பெற்றனர். ராவுத்தர், மரக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்னி, மாப்பிள்ளை, தூதேகுலா, அன்சார், ஷேக், சையத் என ஏழு. 1951இல் கதவை அடைத்த அதே சொல்தான் இக்கதவைத் திறந்தது. ஆந்திராவில் 2004லும் 2005லும் முஸ்லிம்கள் அனைவருக்கும் என்று வழங்கிய 5 விழுக்காடு இரு முறையும் உயர்நீதிமன்றத்தில் நிற்காமல் போனதையும், 2007இல் பிரிவுகளைக் குறித்து 4 விழுக்காடாகச் சட்டம் இயற்ற நேர்ந்ததையும் நோக்கினால் இதன் முக்கியத்துவம் புரியும்.

பட்டியலில் பெயர் இருந்தும் போதவில்லை. பிற்படுத்தப்பட்டோருக்குரிய 30 விழுக்காட்டில் பெரிய சமுதாயங்களோடு போட்டியிட்டு நம் பிள்ளைகள் பின்தங்கினர் என்பதே சமுதாய அமைப்புகளின் நெடுநாள் முறையீடு. 2006 நவம்பரில் வந்த சச்சார் குழு அறிக்கை, அரசுப் பணியில் முஸ்லிம்களின் பங்கு மக்கள்தொகைக்கு வெகு கீழே இருப்பதை நாடு முழுமைக்கும் காட்டிற்று. 2007 செப்டம்பரில் கலைஞர் கருணாநிதி அரசு அவசரச் சட்டத்தின் மூலம் அந்த 30இலிருந்து முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 எனப் பிரித்தது. மறு ஆண்டே கிறிஸ்தவர்கள், பொதுப் பிரிவில் இருந்தபோது கிடைத்ததைவிட இதில் குறைகிறது என்று கூறித் தம் ஒதுக்கீட்டைத் திரும்பப் பெறச் செய்தனர். கல்வியில் அவர்கள் அடைந்திருந்த நிலைக்கு அம்முடிவு பொருந்தும். நமக்கு அது பொருந்தாது என்றே நாம் கருதுகின்றோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு; 3.5 என்பது அதற்குக் குறைவுதான். எனினும் பொதுப் போட்டிக்குரிய 31 விழுக்காட்டில் மதிப்பெண்ணால் தேறும் நம் பிள்ளையை இந்த 3.5இல் கழிப்பதில்லை என்பதால் அது உச்சவரம்பும் அன்று.

நடைமுறையில் 200 இடங்கள் கொண்ட சுழற்சியில் 7 முறைகள் பிற்படுத்தப்பட்ட முஸ்லிமுக்கு உரியவை. 1927இல் முத்தையா முதலியார் வகுத்ததைப் போன்றே, இங்கும் முறை வந்த இடத்தில் விண்ணப்பதாரர் சான்றிதழோடு நிற்க வேண்டும். அச்சான்றிதழில் வெறுமனே இஸ்லாம் என்றோ முஸ்லிம் என்றோ எழுதியிருந்தால் பயனில்லை. ஏழு பிரிவுகளுள் ஒன்றின் பெயர் இருத்தல் வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் விண்ணப்பத்தின் சாதி என்னும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, இருபது ஆண்டுகள் கழித்து நேர்காணலுக்கு முந்தைய வாரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அலையும் குடும்பங்கள் இன்றும் உள்ளன.