குழி தோண்டியவருக்கு என்ன பங்கு? மலபார் தோப்புக் குத்தகையின் கதை

இந்த முறை கொஞ்சம் வரலாறு. பயப்படாதீர்கள், ராஜாக்களும் போர்களும் கிடையாது. தென்னை மரம், பாக்கு மரம், ஒரு குத்தகைச் சீட்டு, அவ்வளவுதான்.

நெல் வயலைக் குத்தகைக்கு எடுப்பதில் கணக்கு சுலபம். விதைத்தால் நாலைந்து மாதத்தில் அறுவடை. பேசியதை அளந்து கொடுத்துவிடலாம். ஒத்துவராவிட்டால் அடுத்த போகத்துக்கு வேறு நிலம் பார்க்கலாம். தோப்பு அப்படி இல்லை. நாட்டுத் தென்னை காய்க்கவே ஆறேழு வருஷம் ஆகும். அதன் பிறகு ஐம்பது, அறுபது வருஷம் பலன் தரும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நிலம் உங்களுடையது. நான் 12 வருஷக் குத்தகைக்கு எடுத்து 100 தென்னங்கன்று வைக்கிறேன். 7 வருஷம் செலவு மட்டும்தான். பிறகு 5 வருஷம் காய் வெட்டுகிறேன். குத்தகை முடிந்தது, நான் வெளியே. மீதி ஐம்பது வருஷத்துக் காய் யாருக்கு? மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகவா முடியும்? எங்கள் பி.காம். பாஷையில் சொன்னால், முதலீடு என்னுடையது, சொத்து உங்கள் பேலன்ஸ் ஷீட்டில்!

இந்தக் கேள்விக்கு ரொம்பக் காலம் முன்பே ஒரு பதில் வைத்திருந்த ஊர் மலபார். இன்றைய வட கேரளம். பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாக இருந்த பகுதி.

அங்கே நில உரிமையாளருக்கு ஜென்மி என்று பெயர். ஜென்மியிடம் நிலம் வாங்கப் பல வழிகள் இருந்தன. முன்பணம் இல்லாத வெறும் குத்தகை 'வெறும்பாட்டம்'. ஜென்மிக்கு ஒரு தொகை கொடுத்து நிலத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தொகைக்கான வட்டியைக் கழித்து மீதி வாரத்தை மட்டும் கட்டுவது 'காணம்'. நம் ஊர் ஒத்தியும் குத்தகையும் கலந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் நம் கதாநாயகன்: 'குழிக்காணம்'.

குழி என்றால் கன்று வைக்கத் தோண்டும் அதே குழிதான். சும்மா கிடக்கும் நிலத்தை மரம் வைத்துத் தோப்பாக்கக் கொடுப்பது குழிக்காணம். வழக்கமாக 12 வருஷம். முடிவில் ஜென்மி நிலத்தைத் திரும்பக் கேட்டால், வைத்த மரங்களுக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். அதாவது, மண் ஜென்மியுடையது; ஆனால் மரத்தின் மதிப்பில் நட்டவருக்கும் ஒரு கூறு உண்டு. எவ்வளவு நியாயமான யோசனை பாருங்கள்!

1792இல் மலபார் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. வரி போட வேண்டுமே, யார் பங்கு எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். 1805இல் கலெக்டர் வார்டன் அறிவித்த விதிப்படி, தோப்பு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு குடியானவருக்கு. மீதி இரண்டு பங்கை சர்க்காரும் ஜென்மியும் பாதிப் பாதி. ஆக ஆளுக்கு மூன்றில் ஒன்று.

காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. சிக்கல் நீதிமன்றத்தில் ஆரம்பித்தது. ஆங்கிலேய நீதிபதிகள் ஜென்மியைத் தங்கள் நாட்டு நிலப்பிரபு மாதிரி, நிலத்தின் முழு உரிமையாளராகவே பார்த்தார்கள். 12 வருஷம் முடிந்தால் வெளியேற்றலாம் என்றானது. தேங்காய்க்கும் மிளகுக்கும் நல்ல விலை வந்த காலத்தில் வெளியேற்றும் வழக்குகள் பெருகின. மரத்துக்கான இழப்பீடோ, பல இடங்களில் ஊர் வழக்கத்தில் இருந்த பழைய விகிதம்தான்.

இதில் 'மேல்சார்த்து' என்று ஒரு வேலை வேறு. ஜென்மி மூன்றாவது ஆள் ஒருவரிடம் பணம் வாங்கிக்கொண்டு, பழைய குடியை வெளியேற்றும் உரிமையையே அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். ஜென்மிக்குக் கைக்காசு செலவில்லை. புது ஆள் வழக்குப் போடுவார், பழைய ஆள் தெருவுக்கு வருவார்.

இந்த இடத்தில் வருகிறார் வில்லியம் லோகன். மலபார் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர், 'மலபார் மேனுவல்' எழுதியவர். 1881இல் நிலப் பிரச்சினையை விசாரிக்க அரசு அவரை நியமித்தது. ஜென்மி பழைய காலத்தில் முழு உரிமையாளரே இல்லை, விளைச்சலில் பங்கு பெற்றவர்களில் ஒருவர்தான் என்பது அவர் முடிவு. உழுபவருக்கு நிலையான உரிமை வேண்டும் என்று 1882இல் அறிக்கை கொடுத்தார். (அவருடைய வரலாற்று விளக்கத்தை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

அரசு அந்த அளவுக்குப் போகத் தயாராக இல்லை. நிலையான உரிமைக்குப் பதிலாக இழப்பீடு கொடுத்தது. அதுதான் 1887இன் மலபார் குடியானவர் மேம்பாட்டு இழப்பீட்டுச் சட்டம். 1900இல் அதைத் திருத்தி எழுதினார்கள். அதில் இரண்டு விஷயங்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை.

ஒன்று: இழப்பீட்டைத் தீர்த்து, நீதிமன்ற ஆணைப்படி வெளியேற்றும் வரை, குத்தகைக் காலம் முடிந்தாலும் குடியானவர் நிலத்திலேயே இருக்கலாம்.

இரண்டு: 1886 ஜனவரி 1க்குப் பிறகு எழுதிய எந்த ஒப்பந்தமும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. "இழப்பீடு கேட்க மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கி வைத்திருந்தாலும் செல்லாது! பலவீனமான ஆள் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள்.

ஆனால் இழப்பீடு என்பது உரிமை ஆகாது. அது வெளியேற்றுவதைச் செலவு பிடித்த காரியமாக ஆக்கியது, தடுக்கவில்லை. பணம் உள்ள மேல்சார்த்துக்காரருக்கு அந்தச் செலவும் ஒரு முதலீடுதான். இன்னும் நாற்பது வருஷம் காய்க்கப்போகும் மரம் அல்லவா! குத்தகையைப் புதுப்பிக்க ஜென்மி கேட்கும் கட்டணத்தையும் அது தடுக்கவில்லை. 1930இல் மலபார் குத்தகைச் சட்டம் வந்த பிறகுதான் காணக்காரருக்கும் குழிக்காணக்காரருக்கும் ஓரளவு நிலையான உரிமை கிடைத்தது.

1956இல் கேரளம் பிறந்தது. அதன் விவசாய உறவுகள் சட்டத்தில் தேயிலை, காபி, ரப்பர் தோட்டங்களுக்குக் கிடைத்த சலுகை பாக்குத் தோட்டத்துக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் கிடைக்கவில்லை. காசர்கோடு பக்கத்து நிலக்காரர்கள் தொடுத்த வழக்கில், இது பாரபட்சம் என்று 1961இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு வந்தது 1963ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம். 1969 திருத்தத்தோடு சேர்ந்து, 1970 ஜனவரி 1இலிருந்து ஜென்மி முறைக்கு முற்றுப்புள்ளி. குத்தகைக்காரரே உரிமையாளர் ஆனார்.

சுபம் என்று போட்டுவிடலாமா? எனக்கு ஒரு உறுத்தல். குழிக்காணம் என்று பெயர் வைத்தார்களே, குழியைத் தோண்டியது யார்? சீட்டில் பெயர் இருந்தவர் பல இடங்களில் வசதியான இடைக்காரர். மண்வெட்டி பிடித்தவர்கள் செறுமர், புலையர் சாதிக் கூலிகள். அவர்களில் பலருடைய முன்னோர் அடிமைகளாக இருந்தவர்கள். மரத்தில் கூறு அவர்களுக்கு இல்லை. 1970இல் அவர்களுக்குக் கிடைத்தது குடியிருந்த குடிசை மனை: கிராமப் பஞ்சாயத்தில் அதிகபட்சம் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகரத்தில் 3. தோப்பு சீட்டு வைத்திருந்தவருக்குப் போனது.

இன்னொன்று. அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு இனிமேல் புதிய குத்தகையே கூடாது என்கிறது. அதனால் இன்று கேரளத்தில் ஒருவர் இன்னொருவர் நிலத்தை எடுத்துப் பயிர் செய்தால் பெரும்பாலும் வாய்வார்த்தைதான். வாய்வார்த்தையை நம்பி வாழை வைக்கலாம், மரவள்ளி வைக்கலாம். தென்னை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

2016இல் நிதி ஆயோக் ஒரு மாதிரி நிலக் குத்தகைச் சட்டத்தை வெளியிட்டது. நிலம் மாநில விஷயம் என்பதால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அதில் ஒரு யோசனை இருக்கிறது: குத்தகை முடியும்போது, குத்தகைக்காரர் போட்ட முதலீட்டில் இன்னும் பலன் தீராத பகுதியின் மதிப்பை அவருக்குத் திருப்பித் தர வேண்டும். படித்ததும் சிரிப்பு வந்தது. இது நம் குழிக்காணம்தானே!

அடுத்த முறை யாராவது "மரம் வளர்ப்போம்" என்று சொன்னால், எந்த நிலத்தில், எந்தச் சீட்டில் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் தோப்புக் குத்தகை எப்படி, புதுக் கன்று வைத்தால் அது யார் கணக்கு என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.