பட்டறையிலிருந்து வகுப்பறைக்கு: பிரிட்டனில் உழைப்பாளர் கல்வி

பட்டறைகளில் உழைத்த வளர்ந்தோருக்கு அறிவியல் கற்பிக்கும் முயற்சி பிரிட்டனில் வேரூன்றியதற்குக் கல்விமான்களின் பரிவைவிட, உழைப்பாளர்களே கேட்ட கேள்விகள் பெரிய காரணமாக இருந்தன. 1799-இல் கிளாஸ்கோவின் ஆண்டர்சன் கல்வி நிலையத்தில், இன்று இயற்பியல் எனப்படும் இயற்கைத் தத்துவத்தின் பேராசிரியராக அமர்ந்த ஜார்ஜ் பர்க்பெக், தம் பாடங்களுக்கு வேண்டிய கருவிகளை ஊர்ப் பட்டறைகளில் செய்வித்துக்கொண்டிருந்தபோது, நீரேற்றும் பம்பின் மாதிரி ஒன்றைச் சூழ்ந்து நின்ற வேலைக்காரர்கள் அது இயங்கும் விதத்தை விடாமல் வினவினர். அடுத்த ஆண்டு கைவினைஞர்களுக்கென்றே அவர் கட்டணமின்றித் தொடங்கிய சனிக்கிழமை மாலை உரைகளில், முதல் நாள் 75 பேராக இருந்த கூட்டம் நான்காம் உரைக்குள் 500 ஆகப் பெருகியது. 1823-இல் அவர் முன்னின்று நிறுவிய லண்டன் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூஷன் 1830-இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது.

இத்தகைய கழகங்களைப் புரந்தோரில் பலர், தொழிலுக்கு உதவும் அறிவியலே உழைப்பாளிக்குப் போதும் என்று கருதினர். அந்த வரம்பு எவ்வளவு குறுகலானது என்பதை, 1854-இல் எஃப். டி. மாரிஸ் முதலியோர் லண்டனில் தொடங்கிய உழைக்கும் ஆடவர் கல்லூரி தெளிவாகக் காட்டியது. கணிதமும் வரலாறும் பயிற்றப்பட்ட அங்கே, கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் வியாழக்கிழமை மாலைகளில் ஓவியம் கற்பித்தார். அவருடைய முதல் பாடம் ஒரு வெள்ளைப் பந்து: அதன் விளிம்பைக் கோடாக இழுத்துவிடாமல், ஒளி விழும் பக்கத்திலிருந்து இருள் அடரும் பக்கம் வரை நிழலை மட்டும் படிப்படியாகக் கூட்டி, தட்டையான தாளில் உருண்டை வடிவத்தை எழச் செய்யவேண்டும். ஒளியின் போக்கைக் கவனித்தறியாமல் ஒரு கீற்றுக்கூட இடமுடியாத அப்பயிற்சியில் கலையும் அறிவியலும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று சொல்வது அரிது. அங்கே வந்தவர்களுக்கு அப்பிரிவினை தேவைப்படவும் இல்லை. அவ்வகுப்பின் அனுபவத்திலிருந்தே 1857-இல் அவருடைய ஓவியப் பயிற்சி நூல் உருவாயிற்று.

தச்சரை ஓவியராக்குவது தம் நோக்கமன்று, அவர் தச்சராகவே மேலும் மகிழ்ந்திருக்கச் செய்வதே நோக்கம் என்று அதே ஆண்டு அரச விசாரணை ஆணையம் ஒன்றிடம் ரஸ்கின் கூறினார். அன்பு மிகுந்த அக்கூற்றிலும், கற்பவரின் எல்லையைக் கற்பிப்பவரே வகுத்துவிடும் மனப்பாங்கு மறைந்திருக்கிறது. அவர் வகுப்பில் பயின்ற தச்சர் ஜார்ஜ் ஆலனோ, உலோகத் தகட்டில் படம் செதுக்கும் கலையைக் கற்றுத் தம் ஆசிரியரின் நூல்களுக்கே படங்கள் செதுக்கினார். 1870-களில் அந்நூல்களின் பதிப்பாளராகவும் உயர்ந்தார்.